அரசு ஆபீஸ்களுக்கு மார்க் போட்ட கதை

அரசு அலுவலகங்களுக்கு மார்க் போடுகிற தொழிலில் ஒரே ஒரு நன்மைதான் உண்டு: மத்தியானச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆலோசனை நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. எல்லா ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சாக இருந்த காலம். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஆபீசிலும் வேலை எப்படி நடக்கிறது, தகவல் எங்கே இருக்கிறது, எந்த இயந்திரம் எதற்கு, ஒரு மேஜைக்கும் அடுத்த மேஜைக்கும் என்ன தொடர்பு என்று படம் வரைய வேண்டும். பிறகு அந்த அமைப்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டும். எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் மெச்சூரிட்டி என்று இதற்குப் பெயர். அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் என் அம்மாவே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நான் கேரளத்து எல்லையோரப் பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் பேசுவேன் என்பதால் எல்லைப் பக்கத்து ஆபீஸ்களை என் தலையில் கட்டினார்கள்.

ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த சக பாவிகளே, மற்றவர்கள் நம்ப மாட்டார்கள், நீங்களாவது நம்புங்கள். எந்த ஆபீசின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.

தென்னை மரம் வழியாக மின்சாரம்

திங்கட்கிழமை, ஒரு பஞ்சாயத்து ஆபீஸ். அதன் பின்பக்கச் சுவரைத் தாண்டினால் தமிழ்நாடு. நான் போய் உட்கார்ந்ததுமே கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, ஆனால் மூலையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பரவாயில்லையே, கரண்ட் போனாலும் சமாளிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, மார்க் எழுதப் போகும்போது வயரைப் பார்த்தேன். அது ஜன்னல் வழியாக வெளியே போனது. சுவரைத் தாண்டியது. ஒரு தென்னை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தமிழ்நாட்டு டீக்கடை ஒன்றுக்குள் நுழைந்தது.

கேரளத்துப் பஞ்சாயத்தின் பிறப்பு இறப்புக் கணக்கு முழுவதும் தமிழ்நாட்டு டீக்கடையின் ப்ளக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. டீக்கடைக்காரர் கோபத்தில் ஒருநாள் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கிளார்க் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் ஊர் ஆபீஸ்களில் பெண்களையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "சாறு பேடிக்கண்டா, கடைக்காரன் எனக்க அளியனாக்கும்" என்றார். பயப்பட வேண்டாம், கடைக்காரன் அவருக்கு மச்சினனாம்.

கூட்டமே இல்லாத கவுண்டர்

அன்றைக்கு அந்த ஆபீசில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கவுண்டரில் ஒருவர்கூட இல்லை. 'பொதுமக்கள் காத்திருப்பு: இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. நெய்யாற்றின்கரை சந்தைக்கு ஆள் அனுப்பி வாங்கிய மீனாம். சாப்பிட்டுவிட்டு, அந்த ப்ளக்கைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று டீக்கடைக்குப் போனேன். அங்கே பெஞ்சில் ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் கவருடன் உட்கார்ந்திருந்தாள். பெயர் தங்கபாய். அண்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்கிற முந்திரிப்பருப்புக் கம்பெனியில் வேலை. கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் மகள் ஷீபாவுக்கு நர்சிங் ஸ்கூலில் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கேரளத்துக்காரிதான் என்று சர்டிபிகேட் கொண்டுபோகாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். எல்லையில் பிறந்தவர்கள்மேல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரு சந்தேகம்தான். இந்தப் பஞ்சாயத்து ஒரு பேப்பர் தர வேண்டும், அதை வைத்து வில்லேஜ் ஆபீசர் எழுதித் தர வேண்டும், அதை வைத்து மேல் ஆபீஸ் சர்டிபிகேட் தரும். காலையில் வந்தவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். உள்ளே யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறாராம். காலையிலிருந்து உள்ளேயே இருந்த எனக்குத் தெரியாமல் அது யார் என்று கேட்டேன். தங்கபாய் உதட்டைப் பிதுக்கினாள். "ஆருக்குத் தெரியும் மக்கா, மீனும் மரச்சீனியும் வாங்கிட்டுப் போறாவ, பெரிய ஆளாத்தான் இருக்கும்."

அம்புக்குறி

அது நான்தான் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. மக்குத்தனத்துக்கு மார்க் போட்டிருந்தால் எனக்கு ஐந்துக்கு ஐந்து கிடைத்திருக்கும்.

ஒரு காகிதம் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் நாங்களும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் முறை. செவ்வாய்க்கிழமை முழுவதும் பஞ்சாயத்து பற்றி எழுதினேன். புதன்கிழமை வில்லேஜ் ஆபீஸ். அங்கேயும் கவுண்டரில் கூட்டம் இல்லை, அங்கேயும் மீன். படத்தில் வில்லேஜ் ஆபீசுக்கு ஒரு கட்டமும் மேல் ஆபீசுக்கு ஒரு கட்டமும் போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி வரைய வேண்டியிருந்தது. இங்கேயிருந்து தகவலை அங்கே கொண்டுபோவது யார், தபாலா, பியூனா, டெலிபோனா என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், பஞ்சாயத்துப் பேப்பர் வைத்த கவரோடு குடையைப் பிடித்துக்கொண்டு தங்கபாய் நின்றாள். பியூன் அவளை நாளைக்கு வரச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வில்லேஜ் ஆபீசர் பேனாவால் அந்தப் பக்கம் காட்டி, "ஆவசியக்காரங்க கொண்டு போவாவ சாறே, நமக்கு ஒரு செலவும் இல்ல" என்றார்.

கல்யாண ஆலோசனை

காகிதம் வழியில் தொலைந்தால் நகல் உண்டா? இல்லை. யாருக்கு எழுதிக் கொடுத்தோம் என்று பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? ஆபீசருக்கு ஞாபகம் இருந்தால் முடியும். அவர் லீவில் போனால்? ஞாபகமும் லீவில் போகும். நான் பூஜ்யம் என்று எழுதினேன். எழுதியதை அவர் தலைகீழாகவே படித்துவிட்டார்.

நல்ல மனிதர், மீசை நரைத்தவர், அப்படியே வியர்த்துப்போனார். வேலை போய்விடும் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, இது தண்டனை இல்லை, வெறும் அளவுதான் என்று சமாதானம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணாவது போடணும் சாறே, எனக்க மோளுக்குக் கல்யாண ஆலோசனை நடந்துகிட்டிருக்கு, மாப்பிள வீட்டுல கேப்பாவ."

வாசலில் தொங்கிய பலகை

வியாழக்கிழமை மேல் ஆபீஸ். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கூட்டத்தைத்தான் பார்த்தேன். கேட் பூட்டியிருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அப்பாக்கள் என்று வெயிலில் வரிசை. கேட்டில் மலையாளத்தில் ஒரு பலகை தொங்கியது. பரிசோதனைக் குழு வருகையால் இன்று பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

குழு என்று எழுதியிருந்ததால் நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது வருகிறார்களோ என்று. அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஆபீசுக்கும் நான் வரும் நாளை முன்கூட்டியே கடிதம் போட்டு அறிவித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆபீசும் அந்த நாளில் ஜனங்களை வெளியே நிறுத்திப் பூட்டியிருந்தது. தங்கபாய் வரிசையில் நின்றாள். காலையில்தான் வில்லேஜ் ஆபீசரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஓடி வந்திருக்கிறாள். விடிந்தால் இன்டர்வியூ. பியூன் ஓடி வந்து எனக்கு மட்டும் கேட்டைத் திறந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. "அப்போ அந்தப் பெரிய ஆளு நீயாக்கும் மக்கா?"

சாம்பிள்

உள்ளே போய், கேட்டைத் திறக்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன் என்று சூப்பிரண்டிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். கவுண்டரைத் திறந்தால் ஆள் உள்ளே கேறும், ஆள் கேறினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் மார்க் குறையும் என்று எனக்கே பாடம் எடுத்தார். கத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில், ஒரு விண்ணப்பம் உள்ளே வந்து சர்டிபிகேட்டாக வெளியே போவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யம்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாம்பிள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

தங்கபாயைக் கூப்பிட்டோம். அவளுடைய காகிதம் மேஜை விட்டு மேஜை போன வேகத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். எனக்குச் சொன்ன டீ வருவதற்குள் கையெழுத்தும் சீலும் விழுந்துவிட்டன. இதைச் செய்ய முடியாதவர்கள் அல்ல அவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனி கேட்டைத் திறக்கலாமே என்றேன். சூப்பிரண்டு உண்மையாகவே திகைத்துப் போனார். "ஒரு சாம்பிள் போராதோ சாறே?"

நிற்கிறவர்கள் எல்லோரும்

பதில் சொன்னது நானல்ல. சர்டிபிகேட்டைக் கவருக்குள் வைத்துக்கொண்டிருந்த தங்கபாய், ஜன்னல் வழியே அந்தக் கைக்குழந்தைக்காரியைக் காட்டி, அவளையும் சாம்பிளாக எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பிறகு ஊன்றுகோல்காரர். சாயங்காலம்வரை, சாம்பிள் போதவில்லை, சாம்பிள் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே வரிசை முழுவதையும் உள்ளே கூப்பிட்டேன். மார்க்குக்காக ஆபீசில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மீன்கறி ஆறிப்போனது.

கொஞ்ச நாள் கழித்துப் பாறசாலை ஸ்டேஷனில் தங்கபாயைப் பார்த்தேன். ஷீபாவுக்குச் சீட்டுக் கிடைத்துவிட்டதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவளே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சீட்டு கிட்டிச்சு மக்கா. இனி ஹாஸ்டலுக்கு வருமான சர்டிபிகேட் வேணுமாம். நீ எந்த ஆபீசுக்கு என்னைக்குப் போறேன்னு சொல்லு, நானும் கூட வாறேன்."

இத்தனை படம் வரைந்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: அளக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் அரசு ஆபீஸ் கதவைச் சாத்திவிடும், அந்த ஆள் எழுந்து போக மறுத்தால் அது வேலை செய்யும்.