மேலிருந்து கீழே வந்த விரிசல்

எங்கள் பக்கத்தில் அந்த வெல்டருக்கு ‘நாளைக்கு’ என்றுதான் பெயர். எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் நாளைக்கு வாங்க என்பார். அந்த நாளை என்றைக்கு விடியும் என்பது அவருக்கே தெரியாது. எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அதனால்தான் இத்தனை வருடமும் அவர் பட்டறை வாசலை மிதிக்காமலே என் பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மகளைவிட இரண்டு வயது மூத்த வண்டி.

மிதிக்க வைத்தவன் என் தம்பி. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் விரிசல் விட்டபோது, “இதுக்கெல்லாமா பட்டறைக்குப் போவாங்க” என்று வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்தான். துருவைக்கூடச் சுரண்டாமல் மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தான். ஒரே மாதம்தான். தகடு அசையவில்லை, அதை ஒட்டினாற்போல் இரும்பு புதிதாகப் பிளந்திருந்தது. தம்பி போனையே எடுக்கவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் குடோனிலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு டைல்ஸ் ஏற்றிப் போகிறோம். நான் ஓட்டுவேன், அவர் இறக்குவார். முதுகில் ஆபரேஷன் ஆனபின் ஏழு மாதம் அவர் வீட்டில் கிடந்தார். அந்த ஏழு மாதமும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்த அன்றுதான் மனிதர் சிரித்தார். வண்டி படுத்தால் அவரும் படுத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். வேறு யார் அவரை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? போதாக்குறைக்கு வியாழக்கிழமை ஐந்து வீட்டுக்கு லோடு இருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினோம். வெல்டர் ஒரு பலகையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். இருபது நிமிடம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன்.

“யாரும்மா லோடு அடுக்கறது?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“விரிசலுக்கும் அதுக்கும் என்ன?”

“இருக்கும்மா. இது மேலேருந்து கீழே வந்த விரிசல். பாரம் நடுவுல இருந்தா கீழேருந்துதான் பிளக்கும். யாரோ கனத்தையெல்லாம் கடைசியில வெச்சு வண்டியோட வாலைத் தொங்க விட்டிருக்காங்க.”

அந்த யாரோ நான்தான். என் வீட்டுக்காரர் குனிந்து ஏறி உள்ளே போய்த் தூக்கக் கூடாது என்று, தினமும் முன்னாலேயே குடோனுக்குப் போய்ப் பெட்டிகளையெல்லாம் பின்கதவு ஓரமாக அடுக்கவைத்துவிடுவேன். கீழே நின்றபடியே கைக்கு எட்டும். குடோன்காரர்கள்தான் அப்படி அடுக்குகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தால் ரோஷத்தில் இரண்டிரண்டு பெட்டியாகத் தூக்குவார்.

“குடோன்ல அடுக்கறாங்க. எனக்கென்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன். என் வீட்டுக்காரர் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெல்டர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தார். “நாளைக்கு வாங்க” என்றார்.

மறுநாள் போனால் வண்டி கட்டைகளின்மேல் நின்றது. பேட்டரி ஒயரைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கி வைத்திருந்தார். தம்பி ஒட்டிய தகடு குப்பையில் கிடந்தது. “இந்தப் பக்கமும் பாருங்க” என்று சேற்றைச் சுரண்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கேயும் விரல் நீளத்துக்கு விரிசல். இரண்டும் லோடு இறக்கும் நேரத்தில் சேர்ந்து பிய்ந்திருந்தால், பின்னால் நின்று இறக்குகிறவர் மேல்தான் அத்தனையும் சரிந்திருக்கும். அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வெல்டர் தன்பாட்டுக்கு வேலை செய்தார். விரிசல் முடிகிற நுனியில் டிரில்லால் ஒரு சின்ன ஓட்டை போட்டார், இல்லாவிட்டால் ஒட்டின பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்குமாம். பிறகு விரிசலைக் கிரைண்டரால் அகலப்படுத்தி, விரலளவு வெல்டிங் வைத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனார். ஆறியபின் இன்னொரு விரலளவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வியாழக்கிழமை லோடு இருக்குண்ணே. கொஞ்சம் சீக்கிரம் பண்ணக் கூடாதா?”

“முன்னாடி நான் பஸ் பாடி கட்டற இடத்துல இருந்தேன்மா. முதலாளி அவசரப்படுத்தினாரு. ஆறறதுக்குள்ள பெயின்ட் அடிச்சு அனுப்பினோம். ஒரே வாரத்துல கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னியோட அந்த வேலைய விட்டுட்டேன்” என்றார்.

வியாழக்கிழமை லோடு வேறு வண்டிக்குப் போயிற்று. அழாத குறையாக வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரோடு பட்டறைக்குப் போனேன். சேசிஸில் இரண்டு பக்கமும் ஓரம் சரிவாக வெட்டிய தகடுகள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் லோடு ஏற்றும் தளத்தின்மேல் நான் கேட்காத ஒன்று இருந்தது. இரண்டு வரிசை இரும்பு உருளைகள், அவற்றின்மேல் நகரும் ஒரு பெரிய தட்டு, அதை நிறுத்த ஒரு கொக்கி.

“இதை யாருண்ணே கேட்டா?”

“வண்டி கேட்டுச்சு. பழைய சேசிஸ்மா. பாரம் பின் ஆக்சிலுக்கு முன்னாலதான் நிக்கணும். இறக்கறப்ப கொக்கிய எடுத்துட்டு இழுத்தா லோடு கைக்கு வரும். மறுபடி ஓரத்துல அடுக்கினா நான் பொறுப்பில்ல. குடோன்காரங்ககிட்ட சொல்லிடுங்க” என்றார். கடைசி வார்த்தையை என்னைப் பார்க்காமல் சொன்னார்.

என் வீட்டுக்காரர் தட்டை இழுத்துப் பார்த்தார். அது சத்தமில்லாமல் அவர் இடுப்பு உயரத்தில் வந்து நின்றது. அந்த மகராசன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று நாளாக அந்த வெல்டரை மனதுக்குள் வைததையெல்லாம் நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சத்தில் ஸ்பேனரைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை முதல் லோடு. வண்டி மேட்டில் முனகாமல் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “முதல்ல பட்டறைக்கு வந்த அன்னிக்குச் சாயங்காலம் பால் வாங்கப் போறேன்னு போனேன்ல” என்றார்.

“ஆமா, ஒரு மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தீங்க.”

“பட்டறைக்குத்தான் போனேன். அவ எனக்காகத்தான் ஓரத்துல அடுக்கறா, அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க, வேற வழி ஏதாவது பண்ணுங்கன்னு கேட்டேன்.”

“எப்போலேருந்து தெரியும்?”

“முதல் நாள்லேருந்து. தெரியும்னு சொன்னா நீ நிறுத்திடுவியே. நிறுத்தினா என்னால முடியாதே.”

“வலிச்சா வாயைத் திறந்து சொல்லுங்களேன். நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?”

அவர் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். பிறகு, “இன்னிக்கு வலிக்குது” என்றார்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வாயால் நான் அதைக் கேட்டதே இல்லை. வண்டியை ஓரம் கட்டி, அவர் சீட்டைப் பின்னால் சாய்த்துவிட்டேன்.