திரும்பிப் பார்க்காமல் நடந்தவன்

அது ஒரு கறுப்பு ரெக்சின் பை. கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சிதம்பரத்தில் நானும் மச்சானும் தங்கியிருந்த அறையில் துவைக்காமல் கிடந்த கைலிகளையும் சட்டைகளையும் அதில் திணித்திருந்தோம். மச்சான் என்றால் உறவில்லை. புவனகிரிக்காரன், கல்லூரியில் என்னோடு சினிமா படித்தவன். நான் லால்பேட்டை. எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்ள மதம் ஒரு தடையே இல்லை. என் வீட்டு நோன்புக் கஞ்சியை என்னைவிட அதிகம் குடித்தவன் அவன்தான்.

அகலப் பாதை போட்டு ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம். திரில்லர் படம் ஒன்றின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துவரச் சொல்லியிருந்தார் எங்கள் மேடம். இந்த வகைப் படத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு, அவற்றை மீறுவதற்கு முன்னால் ஒழுங்காகச் செய்துகாட்டுங்கள் என்பார். முகத்தைக் காட்டாதே, செருப்பைக் காட்டு. பையை வைத்துவிட்டுப் போகிறவன் என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பார்வையாளனின் பயம் போய்விடும். இதையெல்லாம் மச்சான் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பை வைப்பவனாக நான்தான் நடிக்க வேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டான். “ஏன்டா, நீ நடியேன்” என்றேன். “உன் தாடிக்கு செட்டாவுது மச்சான்.” “மூஞ்சியே காட்ட மாட்டேன்ற, தாடி எதுக்குடா?” “சைடுல லைட்டா தெரியும்ல” என்றான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை அவனிடம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம்தான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். போலீஸ் விசாரணை இனிமேல்தான் வரவேண்டும். படிப்பு முடிந்ததும் போய்ச் சேர வளைகுடாவில் அத்தா எனக்கொரு வேலை பேசி வைத்திருந்தார். எங்கள் ஊரில் ஒரு பையன் மேல் கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட் கிடையாது, பிறகு அவன் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது மச்சானுக்கும் தெரியும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பட்டப்பகலில் போனோம். எதிர்ப் பிளாட்பாரத்தில் ஸ்டாண்டைப் போட்டு, தூண் மறைவில் கேமராவோடு நின்றுகொண்டான். அனுமதி கினுமதி என்று எதுவும் கேட்கவில்லை. அவன் கையை அசைத்ததும் பெஞ்சில் பையை வைத்துவிட்டு நடந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சரக்கு ரயில் புகுந்தது. “தம்பி, பை யாருது?” என்று பின்னால் ஒரு குரல். நான் திரும்பவில்லை. ஷாட் முடியவில்லையே, ரயில் இடுக்கில் மச்சான் எடுத்துக்கொண்டிருப்பானே என்ற நினைப்பு. “ஏய், உன்னத்தான், நில்லு.” அப்போதும் நடந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நான்காவது எட்டு வைப்பதற்குள் சட்டைக் காலர் போலீஸ்காரரின் கையில் இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஆனால் பையிலிருந்து தள்ளியே நின்றது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிலர் வெளியே ஓடினார்கள். உள்ளே இருப்பது அழுக்குத் துணி என்று எனக்கு மட்டும் தெரியும், அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. பாவம், காலரைப் பிடித்திருந்தவரும் பயந்துதான் போயிருந்தார். ரயில் போய்க்கொண்டே இருந்தது. பெட்டிகள் முடிகிற வழியாக இல்லை.

நடைமேம்பாலம் ஏறி இறங்கி மூச்சிரைக்க வந்து நின்றான் மச்சான். கல்லூரி கேமராவை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தான். “சினிமா சார், காலேஜு சினிமா. அவன் நடிக்கிறான் சார்.” போலீஸ்காரர் என் காலரை விடாமல், “இவன் பேரு என்ன?” என்றார்.

“முருகன் சார்.”

என் சட்டைப் பையில் கல்லூரி அடையாள அட்டை இருந்தது. அதை அவர் எடுத்துப் பார்த்தால், பொய்ப் பெயரில் வந்து பை வைத்துவிட்டுப் போனவன் என்று ஆகிவிடும். பாஸ்போர்ட் போகும், அத்தா முகத்தில் எப்படி விழிப்பது? எப்படியோ நாக்கைப் பிரித்து, “அபுதாகிர் சார், லால்பேட்டை” என்றேன். கூட்டம் இன்னும் ஓர் எட்டு பின்னால் போனது. அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

போலீஸ்காரர் மச்சானைப் பார்த்தார். “எதுக்குடா பொய் சொன்ன?”

“பயமா இருந்திச்சி சார்.”

அவர் பையைக் காட்டினார். “போயி நீயே தொற” என்று என்னிடம் சொன்னார். திறந்தேன். மச்சானின் கைலிதான் மேலாக இருந்தது. லத்தியால் கிளறிப் பார்த்தவர் மூக்கைச் சுளித்தார், யாரோ சிரித்தார்கள். காது கூசும்படி திட்டிவிட்டு, கேஸ் எழுதாமல் அனுப்பினார். அவர் நன்றாக இருக்கட்டும்.

சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் மச்சானோடு நான் பேசவில்லை. போலீஸ் பிடித்ததைவிட அந்த முருகன்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் பெயரைச் சொல்ல உனக்கு என்னடா கூச்சம் என்று மனசுக்குள் அவனை வறுத்தெடுத்துக்கொண்டே வந்தேன்.

பாஸ்போர்ட் வந்தது. பல வருடமாகத் தோஹாவில் இருக்கிறேன். அவன் சென்னையில் சீரியல்களுக்கு எடிட்டிங் செய்கிறான். லீவில் போகும்போதெல்லாம் சந்திக்கிறோம். நானே கிண்டலாக “முருகன் வந்திருக்கேன்டா” என்பேன். எதற்கும் சிரிப்பவன் அதற்கு மட்டும் சிரிப்பதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். மறுநாள் கல்லூரியில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கேட்பாரற்ற பை, விலகிப் போகும் செருப்பு, ஓடும் பெட்டிகளின் இடுக்கில் துண்டு துண்டாக நான், என் காலரில் ஒரு கை. மேடம் பார்த்திருந்தால் முதல் மார்க் போட்டிருப்பார். ரயில் சத்தத்தையும் மீறி மைக்குக்குப் பக்கத்தில் மச்சானின் குரல் கேட்டது. “அபுதாகிரு, அபுதாகிரு, அங்கியே நில்லுடா, தோ வர்றேன்.” ரயிலுக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்குத்தான் கேட்கவில்லை, அவன் நின்ற பிளாட்பாரம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்புறம் அவன் ஓடுகிற காலடிச் சத்தம். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பதிவை அழித்துவிட்டிருந்தான்.

“பாலத்து மேல ஏறும்போதுதான் மச்சான் ஒறச்சிது” என்றான், “உன் பேரச் சொல்லிக் கத்திட்டமேன்னு. அதான் முருகன்னுட்டேன்.”