ரொதியோன் யெகோரிச் அடுப்புக்குள் கட்டிய சுரங்கம்

எங்கள் தெருவில் பெரிய மனிதர் என்று யாரும் தோன்றியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் ரொதியோன் யெகோரிச். இர்குத்ஸ்க்குக்கு வெளியே, அங்காரா ஆற்றோரம், இரண்டு வரிசை மரவீடுகள், அவ்வளவுதான் நாங்கள். அவர் மர அறுவை ஆலையில் மின்வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் கொஞ்ச நாள் சோபாவில் மல்லாந்து கிடந்தார். எழுந்தபோது கிரிப்டோ தொழிலதிபராக எழுந்தார்.

அணை பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு மின்சாரம் மலிவு. பழைய கணினிகளிலிருந்து கழற்றிய கிராபிக்ஸ் கார்டுகளைத் தேடிப்பிடித்து, லார்ச் மரத்தில் தானே சட்டம் அறுத்து, வரிசையாகத் திருகினார். அவை ஓயாமல் கணக்குப் போட்டன. இதற்குச் சுரங்கம் தோண்டுவது என்று பெயராம்; கணினிக் காசு கொஞ்சம் கொஞ்சமாக விளைந்தது. கூடவே சத்தமும் விளைந்தது.

“இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள் மனைவி ஃபைனா.

அப்போது உதித்ததுதான் அந்த மகத்தான யோசனை. வீட்டு நடுவில், குளிருக்கு விறகெரிக்கும் ஆளுயரச் செங்கல் அடுப்பு சும்மாதானே பெரிய வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது? இயந்திரத்தை அதற்குள் ஏற்றி, காற்றுக்கு ஒரு துளை விட்டு, வாயைச் செங்கல் வைத்துக் களிமண்ணால் பூசிவிட்டார். சத்தம் உள்ளே அடங்கியது. சூடு செங்கல்லில் ஏறி வீடெல்லாம் பரவியது. இனி விறகு எதற்கு? விறகுக் கொட்டகையைப் பிரித்து அந்தப் பலகைகளில் வேலி போட்டார்.

தெருவே வந்து பார்த்து மெச்சியது. நாங்கள் சீடர்கள் அல்லவா, குருவை மிஞ்ச வேண்டுமே. எங்கள் அடுப்புகளை இடித்தே விட்டோம். அடுப்பிருந்த இடத்தில் ஆளுக்கொரு இயந்திரம் நின்று இரைந்தது.

ஜனவரியில் மைனஸ் நாற்பது வந்தது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எங்கள் எல்லோருடைய தொழில் வளர்ச்சியையும் தாங்கிப் பார்த்தது. ஒரு நண்பகலில் டப்பென்று உயிரை விட்டது.

ஊருக்கு இருந்த ஒரே அடுப்பு ரொதியோனுடையது. ஜன்னலின் உட்பக்கம் பனி படரத் தொடங்கியதும் கம்பளியோடும் பிள்ளைகளோடும் அங்கே போய்ச் சேர்ந்தோம். எதிர்வீட்டுக் காப்பா அத்தை பூனையையும் கோட்டுக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தாள்.

“டேய் ரோத்யா, அடுப்ப ஒடைடா” என்று ரொதியோனைச் செல்லப்பேர் சொல்லி அதட்டினாள்.

“அத்தை, இது அடுப்பில்ல, சுரங்கம். கரண்ட் இப்ப வந்துடும்.”

“சுரங்கத்த வச்சு என்ன பண்றது, எங்களப் பொதைக்கவா? புள்ளைங்க ஒதட்டப் பாரு, நீலமாயிடுச்சு.”

ரொதியோன் அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் கைகளை விரித்து நின்றார்.

“களிமண்ணு கல்லாட்டம் ஆயிடுச்சு அத்தை. இடிச்சா செங்கல் கார்டு மேலதான் விழும். இது போனா நானும் போனேன். ஆலையும் இனி தொறக்காது. என்னை எவன் வேலைக்கு வச்சுக்குவான்?”

வாளித் தண்ணீரில் ஏடுபோலப் பனி கட்டிக்கொண்டிருந்தது. ஃபைனா சுத்தியலை எடுத்து வந்தாள்.

“நீ அடிக்கிறியா, நான் அடிக்கட்டுமா? நான் பாத்து அடிக்க மாட்டேன்.”

அவரே அடித்தார். முதல் செங்கல் உள்ளே விழுந்து இரண்டு கார்டுகள் நொறுங்கின. சட்டத்தோடு மீதியை வெளியே இழுத்து, படுக்கையறையில் கிடத்தி, ஜுரக்காரனுக்குப் போர்த்துவதுபோல மெத்தைப் போர்வையை இழுத்துப் போர்த்தினார்.

விறகு எவரிடமும் இல்லை. அவருடைய வேலி எரிந்தது. பிறகு என் முக்காலி, யாரோ ஒருவரின் பனிச்சறுக்கு வண்டி. வீடு மெல்ல மூச்சுவிட்டது, பிள்ளைகள் தூங்கினார்கள்.

மின்வாரியக்காரர்கள் வந்து சரிசெய்திருக்க வேண்டும், பொழுது சாயும்போது விளக்கு எரிந்தது. நன்றி சொல்ல நேரமில்லை. தூங்குகிற பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். தெரு முழுக்க ஒரே நேரத்தில் இயந்திரங்களைத் தட்டிவிட்டோம். முனையில் மறுபடி டப்பென்றது.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பினோம். காப்பா அத்தை அசையாமல் அங்கேயே இருந்தாள்.

“தெரியும்டா. வாங்க, ஒக்காருங்க.”

கங்கு மங்கிக்கொண்டிருந்தது. வேலியும் தீர்ந்திருந்தது. ரொதியோன் எழுந்துபோய் போர்வையை விலக்கிச் சட்டத்தைத் தூக்கி வந்தார்.

“ரோத்யா, வேணாம்” என்றாள் ஃபைனா, காலையிலிருந்து கேட்காத கனிந்த குரலில். “மேசைய ஒடைப்போம்.”

“மேசை வார்னிஷ் போட்டது, பொகையும். இது அடுப்புக்குள்ளயே காஞ்ச கட்டை.”

கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கள் மடியில் வைத்தார். பிறகு சட்டத்தை முழங்காலில் வைத்து முறித்தார். லார்ச் புகையே இல்லாமல் பற்றிக்கொண்டது. அவர் உள்ளங்கையை அடுப்பின் பக்கச் சுவரில் வைத்துப் பார்த்தார். தொழிலறிந்தவரின் குரலில் கேட்டார்:

“சூடு சீரா ஏறுது, பாத்தீங்களா?”

மடியிலிருந்த கார்டுகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை நாங்களும் அந்தச் சுவரில் வைத்துப் பார்த்தோம்.