உணர்வு வந்ததாகச் சொன்ன கை

அந்த மழைக்காலத்தில் அக்காவின் வலது கை அவளை விட்டுப் போயிருந்தது. உடம்போடுதான் தொங்கியது, ஆனாலும் போயிருந்தது. தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவள் செடிகளுக்கு நடுவே அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். கால் மெல்லத் திரும்பியது. கை வரவில்லை. லீவு முடிந்ததும் அவள் வேலைக்குப் போகாவிட்டால் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் வேறு கூரை இல்லை. நானோ குன்னூரில் ஒரு கடையின் பின்னறையில் ஒண்டியிருந்தவன்.

குன்னூர் டாக்டரம்மா ஒருவர் கைப்பயிற்சியோடு அக்குபஞ்சர் ஊசியும் போடுவார்.

“ஊசி மட்டும் கையை எழுப்பாதுங்க. பயிற்சிக்கு ஒரு துணை, அவ்வளவுதான்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மயிரிழை ஊசிகள். கட்டைவிரல் இடுக்கில், முழங்கைக்குக் கீழே, புறங்கையில்.

“ஏனுங்க, என்னய முள்ளம்பன்னி ஆக்கிப்போட்டீங்களே!” அக்கா சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

“தெரியுதா அம்மிணி?”

“தெரியுதுங்க.”

ஒவ்வொரு முறையும் தெரிந்தது. சில வாரங்களில் விரல்கள் மடங்கின. அது நிஜம், நானே பார்த்தேன். அந்த மகிழ்ச்சியில், குளிர் எலும்பைத் துளைக்கும் ஒரு சாயங்காலம், வெந்நீர்ப் பையை நிரப்பி அவள் மணிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். எங்கள் மலையில் எந்த நோவுக்கும் முதல் மருந்து சூடுதானே.

“சுடுதாக்கா?”

“இதமா இருக்குது, உடு.”

அடுத்த முறை டாக்டரம்மா ஸ்வெட்டர் கையைச் சுருட்டினார். மணிக்கட்டின் உட்புறம் பெரிய கொப்புளம், மஞ்சளாய், நீர் கட்டி.

“இது எப்ப ஆச்சு?”

அக்கா அதை அப்போதுதான் பார்த்தாள்.

டாக்டரம்மா காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு அவளைக் கண்ணை மூடச் சொன்னார். ஊசியை எடுக்கவே இல்லை. வெறுங்கையோடு உட்கார்ந்து கேட்டார்:

“தெரியுதா அம்மிணி?”

“தெரியுதுங்க. நல்லாவே குத்துது.”

சன்னலை மூடுபனி வந்து அடைத்துக்கொண்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார். உணர்ச்சியில்லாத கை கொழுந்துக் கத்திரி பிடிக்கக் கூடாது. இன்னும் மாதங்கள் ஆகும்.

பஸ்ஸில் அக்கா காதோரம் சீறினாள். “எஸ்டேட் மேஸ்திரிகிட்ட வாயத் தொறந்தே, அப்புறம் நான் உனக்கு அக்காளே இல்ல.”

“அக்கா, கை போயிரும்.”

“ஊடு போனா?”

லீவு முடிந்த திங்கட்கிழமை காலை, கொழுந்து வெட்டும் கத்திரியின் ஒரு பிடியை அவள் விரல்களுக்குள் திணித்து, பழைய சேலைக் கிழிசலால் சுற்றினேன். முடிச்சை நான்தான் போட்டேன்.

“இறுக்குதாக்கா?”

“இல்லியே,” என்றபடி மூடுபனிக்குள் போனாள். உள்ளிருந்து கத்திரிச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்கும்வரை நான் மூச்சு விடவில்லை.