வெள்ளி வயிற்று விமானம்

“இன்னுங் கொஞ்சம் திருப்பு. வயிறு என்னையப் பாக்கோணும்” என்று போனில் சொல்லிக்கொண்டே முகமது ரியாஸ் தெருமுனையை நோக்கிப் பின்பக்கமாக நடக்கிறார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ரிமோட். கோவை கோட்டைமேட்டில் அவர் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், மனைவி நிலோஃபர் ஒரு பொம்மை விமானத்தை இரண்டு கைகளிலும் ஏந்திப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

“வாலு ஆடுதா?”

“ஆடுதுங்க.”

“எறக்கையச் சாச்சுப் பாரு.”

“ஆடுதுங்க. அடுப்புல பால் இருக்குதுங்க.”

“தலைகீழாக் கவுத்து.”

“பால் பொங்கீருமுங்க!”

பேக்கரி வாசலில் டீ குடிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரியாஸ் பாய் இப்படித்தான் நடப்பார் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. தெருவுக்குப் புதிதாக வந்த நான்தான் முதன்முறை பார்த்தபோது வாயைப் பிளந்து நின்றேன். ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு தொலைவு வரை விமானம் சொன்ன பேச்சு கேட்கிறது என்று பார்ப்பதற்கு ரேஞ்ச் டெஸ்ட் என்று பெயர். மற்றவர்கள் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு நடந்து பார்ப்பார்கள். ரியாஸ் அதை எல்லாப் பக்கமும் புரட்டச் சொல்கிறார். பால் பொங்கினாலும் விடுவதில்லை.

உக்கடத்தில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை அவருடையது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். சட்டையில் எப்போதும் இரண்டு மூன்று நூல் துண்டுகள் ஒட்டியிருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியின் மெத்தையை ஒருமுறை கிள்ளிப் பார்த்த பிறகே உட்காருவார். தையலில் அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. வேலை முடிந்த பிறகும் கை சும்மா இராது. யாரும் கேட்காத இடத்தில் ஒரு வரி கூடுதலாக ஓட்டுவார். மூலையில் ஒரு பூ வைப்பார். “பாக்கறதுக்கு லட்சணமா இருக்கோணுமுங்க. இல்லாட்டிப் போனா என்னத்துக்குங்க தைக்கறது?” என்பார்.

அதே கைதான் விமானங்களையும் செய்கிறது. காய்கறி வரும் தெர்மாகோல் பெட்டி, பழைய பிளக்ஸ் பலகை, மீந்துபோன ரெக்சின் என்று கடையில் கிடப்பதெல்லாம் இறக்கையாகிவிடும். மோட்டாரும் ரிமோட்டும் மட்டும் வெளியே வாங்குவார். கோவையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பறந்துகொண்டிருக்கும்போது சிக்னல் போய் விமானம் விழுந்தால் அவர்கள் உடைசலை அள்ளிக்கொண்டு ரியாஸிடம் வருவார்கள். வந்தவர் முதலில் ரேடியோவைத் திட்டுவார், பிறகு செல்போன் கோபுரத்தை, பிறகு பக்கத்தில் பறக்கவிட்ட ஆளை. ரியாஸ் கேட்டுக்கொண்டே விமானத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுவார். ஆண்டெனா ஒயர் எங்கே போகிறது என்று தேடுவார். “ரேடியோ பாவமுங்க. அடுத்தவங்களும் பாவமுங்க. மொதல்ல நம்ம கை எங்கெங்க போச்சுன்னு பாக்கலாம்” என்பார்.

அருமையாகப் பழுது பார்க்கிறார் என்று யாராவது புகழ்ந்தால் முகம் சுருங்கிவிடும். அதற்கான காரணத்தை ஒருநாள் கடையில் ரெக்சின் வெட்டிக்கொண்டே அவரே சொன்னார்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் அருண்குமார் என்று ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். காருக்கு சீட் கவர் மாற்ற வந்தவர், கடையில் தொங்கிய விமானத்தைப் பார்த்து அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் வரை எழுந்து போகவில்லை. பண்ணைக்குப் பின்னால் அவருடைய தரிசு நிலம் இருந்தது. மரம் இல்லை, மின்கம்பி இல்லை. அங்கேதான் இருவரும் வாரம் தவறாமல் பறக்கவிட்டார்கள். பெற்ற பிள்ளைக்கும் ‘வாங்க கண்ணு, போங்க கண்ணு’ என்கிற ஊரில், இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ‘வாடா மாப்ள’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அருணின் மனைவி முதலில் கேட்டுத் திடுக்கிட்டாராம்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய விமானம் செய்தார்கள். இறக்கை ஆள் உயரம். மரவேலை அருண், ஒயர் வேலை ரியாஸ். எல்லாம் முடிந்த பிறகு ரியாஸின் கை சும்மா இருக்கவில்லை. பளபளவென்று ஒரு வெள்ளித் தாள், காருக்கு ஒட்டுவது, கடையில் மீந்திருந்தது. விமானத்தின் வயிறு முழுக்க அதைச் சுருக்கமில்லாமல் ஒட்டினார். “வெய்யில்ல திரும்பறப்ப மீனாட்டம் மின்னோணும்னு ஆசைங்க.”

மின்னவும் செய்தது. தரையில் நிற்க வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மேலே ஏறி, பண்ணைப் பக்கம் வளைந்து, வயிற்றை இவர்களுக்குக் காட்டியபோது ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது. சாய்ந்த வாக்கிலேயே, மோட்டார் முழு வேகத்தில் ஓட, கோழிக் கொட்டகையின் கூரையில் போய் மோதியது.

அந்தச் சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டன. மிரண்டால் அவை ஓடுவதில்லை. ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். அருண் உள்ளே பாய்ந்து, வெறுங்கையால் குவியலைப் பிரித்து வீசிக்கொண்டிருந்தார்.

“நானும் ஓடுனனுங்க” என்றார் ரியாஸ். “ஏணி எடுக்க ஓடுனன். கூரை மேல பிளேனு என்னாச்சுன்னு பாக்கறதுக்கு.”

அதைச் சொன்னபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

அருண் வெளியே வந்தபோது தலையெல்லாம் இறகு. கொட்டகைக்குள் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. ஏணியிலிருந்து இறங்கிய ரியாஸ், உடைந்த இறக்கையைக் கையில் பிடித்தபடி, “உன்ற கேமராதாண்டா. பண்ணையச் சுத்தி வை-ஃபை கேமரா மாட்டி வெச்சு சிக்னலக் கெடுத்துப்போட்டே” என்று கத்தினார். அருண் உடைந்த பாகங்களைப் பொறுக்கி ஒரு தீனிச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். அதன்பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

அடுத்த தை மாதம், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரைக் கழற்றி வேறு விமானத்துக்கு மாற்றலாம் என்று ரியாஸ் அந்தச் சாக்கை அவிழ்த்தார். மொட்டை மாடியில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். வயிற்றைத் தன் பக்கம் திருப்பினால் வால் செத்துவிட்டது. மறுபக்கம் திருப்பினால் உயிர் வந்தது. வெள்ளித் தாளை உரித்தார். எப்படித் திருப்பினாலும் ஆடியது. உலோகப் பூச்சுள்ள தாள். கீழேயிருந்து வரும் சிக்னல் உள்ளே இருந்த ரிசீவருக்குப் போகாமல் அது மறைத்திருக்கிறது. அது மட்டுமில்லை. சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்திக்கொள் என்று ரிசீவருக்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். ஒயர் வேலைக்காரர் அதையும் சொல்லி வைக்கவில்லை.

“அன்னைக்கே போயிச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“மொத வாரம் தப்புப் பண்ணிப்போட்டமேன்னு வெக்கமுங்க. அப்புறம், இத்தன நாளாச் சொல்லாம இருந்துபோட்டமேன்னு வெக்கம். ரெண்டாவது வெக்கம் பெருசுங்க. அது நாளுக்கு நாள் வளந்துக்கிட்டே போகுது.”

போன வாரம் உடுமலைப்பேட்டையிலிருந்து நவநீத் என்பவர் ஒரு விமானத்தைக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: “பல்லடத்துல ஒரு பண்ணைக்காரரு எங்களப் பறக்க உடவே மாட்டேன்னுட்டாருங்க. அவரு கேமரா அவரோட சிநேகிதரு பிளேனக் கீழ உழுத்திப்போடுச்சாமா. இப்பக் கேமராவெல்லாங் கழட்டி வெச்சுட்டாரு. ஆனாலும் ‘என்றனால ஒருத்தரு மனசு நொந்து போச்சுங்க, மறுக்கா வேண்டாமுங்க’ங்கறாரு.”

ரியாஸ் அன்று கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டதாக நிலோஃபர் என்னிடம் சொன்னார்.

இந்த ஞாயிறு, பால் பொங்கி வழிந்த பிறகு, அவர் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பல்லடம் புறப்பட்டார். விமானம் எதையும் எடுக்கவில்லை. 

அருண்குமார் பண்ணை வாசலில் தீனி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரியாஸைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, நான் பார்த்தேன். “அட, மாப்ள!” என்றபடி இரண்டு அடி முன்னால் வந்தார்.

ரியாஸ் வண்டியிலிருந்து இறங்கியும் இறங்காமலும் சொல்லிவிட்டார். “கேமரா இல்லடா அருணு. நாந்தான். வயித்துல சில்வர் தாளு ஒட்டுனேன்ல, அதுதான் மறைச்சுருச்சு. மோட்டாரு நிக்கறதுக்கும் நான் செட்டிங் போடல. உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

அருண் கையிலிருந்த தூசியைத் தட்டினார். கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“இது எப்பத் தெரிஞ்சுதுங்க?”

அந்த ‘ங்க’ ரியாஸின் காதில் விழுந்ததை அவர் முகத்தில் பார்த்தேன்.

“ரெண்டு வருசம் இருக்குமுங்க” என்றார். அவரை அறியாமல் அவருக்கும் அது ஒட்டிக்கொண்டது.

“சரிங்க” என்றார் அருண். குரலில் கோபம் இல்லை. “இத்தன தூரம் வந்து சொன்னீங்களே, சந்தோசமுங்க. மோர் குடிச்சுப்போட்டுப் போலாம், உக்காருங்க.”

உட்கார்ந்தோம். சொம்பில் மோர் வந்தது. குழந்தைகள் படிப்பு, கடை வியாபாரம் எல்லாம் விசாரித்தார். ரியாஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நாற்காலியின் மெத்தையைக் கிள்ளிப் பார்க்கவில்லை. பிறகு அருண், தீனி வண்டி வருகிற நேரம் என்று எழுந்து, கும்பிட்டு, “போயிட்டு வாங்க, பாய்” என்று சொல்லிக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

ரியாஸ் வண்டிக்குப் போகவில்லை. பண்ணையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். தரிசு நிலம் வெயிலில் அப்படியே கிடந்தது. குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பவர்போல் விரல்களை விரித்தார். மண் எந்தப் பக்கமும் சாயாமல், நேராக அவர் காலடியில் விழுந்தது. காற்றே இல்லை; பறக்கவிட இதைவிட நல்ல நாள் வாய்க்காது. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.