என்னோடு படுத்துறங்கிய பயறு

எங்கள் மலையில் எதுவும் சீக்கிரம் முளைப்பதில்லை. நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பிராக்களில் ஒன்றில் இருந்தோம். பனி காலையில் வாசல் வழியாக உள்ளே வந்து, சுவரோரமாக உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம்தான் எழுந்து போகும். போட்ட விதை மண்ணுக்குள் நன்றாகத் தூங்கிவிட்டு, மனம் வந்தால் வெளியே வரும். அப்படிப்பட்ட இடத்தில் பயறு முளைக்கவைக்கும் வேலை என் கைக்கு வந்தது. எனக்கு ஆறு வயதிருக்கும். அதைவிடப் பெரிய பொறுப்பை அதற்குப் பிறகு யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

அந்த வருடம் எங்கள் காம்பிராவிலிருந்து கருவாட்டு வாசனை காணாமல் போயிருந்தது. அம்மா மாசமாக இருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, கோயிலில் முடி இறக்கும்வரை மச்சம் தொடுவதில்லை என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மீன் இல்லை, முட்டை இல்லை, சம்பலில் இடித்துப்போடும் மாசிக்கருவாட்டுத் துண்டுகூட இல்லை. அப்பா பாட்டுக்கு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார். நான்தான் சம்பலை முறைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வேண்டுதலுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய தடவை அம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எனக்கு அதில் நினைவிருந்ததெல்லாம் அம்மா இல்லாத படுக்கை மட்டும்தான். அவளுடைய முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவள் இல்லாத நாட்களில் நான் போட்ட சத்தத்தில் லயத்தில் ஒருவரும் தூங்கவில்லையாம். பெரியாஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுடைய முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொள்வேன்.

கிளினிக்குக்கு அம்மாவோடு நானும் போவேன். மிட்வைஃப் மிஸ் சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். அன்றைக்கு அம்மாவின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் பத்தாது என்றார்.

“முட்டை சாப்பிடுறீங்களா?”

“வேண்டுதல் மிஸ்.”

“நெத்தலி?”

“அதுவுந்தான்.”

மிஸ் சண்டைக்குப் போகவில்லை. “சரி, அப்ப பயறு, கடலை, கௌப்பி, பருப்பு. வேளைக்கு ஒண்ணாவது இருக்கணும். கீரை சமைச்சா தேசிக்காய் புழிஞ்சு விடுங்க, அப்பத்தான் சத்து ஒடம்புல சேரும். பால் குடிங்க. நான் குடுத்த வில்லைய ஒழுங்கா போடுறீங்கதானே?”

“ஒரு நாளும் விட்டதில்ல மிஸ். சோறு சாப்பிட்ட கையோட சாயத்தண்ணியில போட்டு முழுங்கிருவேன்.”

மிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பனி விலகிய இடத்திலெல்லாம் தேயிலைதான்.

“சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா வில்லையும் வேலை செய்யாது, கீரையும் வேலை செய்யாது,” என்றார் பொறுமையாக. “சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். அடுத்த கிளினிக்குலயும் ரத்தம் ஏறலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். பிள்ள பொறக்குற வரைக்கும் அங்கதான் இருக்கணும்.”

மீனை விட்டபோது அம்மா முகம் சுளிக்கவில்லை. சாயத்தண்ணியைத் தள்ளி வைக்கச் சொன்னதும்தான் பெருமூச்சு விட்டாள். நான் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மிஸ்ஸின் வாயிலிருந்து விழுந்த அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு மலையேறினேன்.

மாமா வந்தது அதன் பிறகுதான். அம்மாவுக்குத் தம்பி. நானுஓயா ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முடியவில்லை என்று சொல்லி எங்களோடு வந்து தங்கினார். உலகத்தில் உள்ள எல்லோரும் அவருடைய ஆட்டோவில் ஒரு தடவையாவது ஏறியிருப்பார்கள் என்று நான் நம்பினேன். அவருடைய பேச்சு அப்படி. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவள் சாப்பாட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, பாலும் இல்லை. பட்டிப்பொல வழியாக அவரோடு போய், உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பு வரைக்கும் மூச்சு வாங்காமல் நடந்தாளாம்.

“போத்தல்ல பயற ஊறப்போட்டு ஆட்டோ கம்பியிலயே கட்டித் தொங்கவிட்டுட்டா அக்கா. அது மொளைக்க மொளைக்கத் தின்னுக்கிட்டே வந்தா. செடி கொடியில கெடைக்காத சத்து ஒண்ணே ஒண்ணுதானாம், அதுக்கு மட்டும் ஒரு வில்லை வச்சிருந்தா. பால் குடிக்கிற ஒனக்கு என்ன குறைச்சல்?”

உலக முடிவு என்பது பனிக்குள் எங்கேயோ இருக்கிறது, அங்கே போகிறவர்கள் பயறு தின்பார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

மாமா பயற்றை ஊறப்போட்டுத் துணியில் கட்டி மூலையில் வைத்தார். எங்கள் குளிருக்கு அது அசையவே இல்லை. முளைக்காமலே நாறிப்போனது. மாமா மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அன்று படுக்கும் நேரம் என்னைக் கூப்பிட்டார். ஊறிய பயற்றை ஒட்டப் பிழிந்த ஈரத்துணியில் கட்டி, அதைப் பொலித்தீன் பையில் வைத்திருந்தார். அம்மாவின் பழைய சேலையில் ஒரு பக்கத்தைக் கிழித்து, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கு வெளியே சேலைத் துண்டு வாலாக நீளத் தொங்கியது.

“இதுக்குச் சூடு பத்தல பாப்பா. ஒன் வயித்துச் சூட்டுலதான் மொளைக்கும். வால கையில சுத்திக்க. அம்மா பக்கத்துல படுக்காத, அவங்க பொரண்டா நசுங்கிரும். சுவரோரமா படு. அழுதா, கத்துனா பயறு பயந்துரும். அசையாமத் தூங்கணும்.”

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு போர்வையை என் மேல் இழுத்துவிட்டாள்.

நான் அசையாமல் தூங்கினேன். கண்ணை மூடினால், என் வயிற்றோடு ஒட்டி ஒரு லயமே படுத்திருப்பது தெரியும். ஒவ்வொரு பயறும் தன்தன் காம்பிராவில் போர்வைக்குள் புரண்டு படுக்கும். பனி உள்ளே வந்து எங்கள் எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும். சேலைத் துண்டில் அம்மாவின் வாசனை இருந்தது. காலையில் எழுந்ததும் மூட்டையை மாமாவிடம் பத்திரமாகக் கொடுப்பேன். அவர் அடுப்படிக்குக் கொண்டுபோவார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாக முளைவிட்ட பயறு, தேங்காய்ப்பூவும் கரட்டும் தேசிக்காய்ச் சாறுமாக அம்மாவின் தட்டுக்கு வரும். அவள் அதை மெல்லுவதை நான் வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெருமை தாங்காது.

ஒரு நாள் அடுப்படியில், சூடு ஆறாத சாம்பலுக்குப் பக்கத்தில், துணி மூடிய ஒரு சட்டியைக் கண்டேன். திறந்தால் முளைப்பயறு. என் மூட்டையில் உள்ளவற்றைவிட அழகாக, நீளமாக.

“இது யாரு மாமா?”

“ஒன் பயறோட சொந்தக்காரங்க. பாத்துட்டுப் போக வந்திருக்காங்க,” என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுத்த கிளினிக்கில் ரத்தம் ஏறியிருந்தது. மிஸ் சிரித்தார். சாயத்தண்ணியைத் தள்ளி வைத்ததால்தான் என்றார் அவர். அம்மனால்தான் என்றாள் அம்மா. வெள்ளைக்காரப் பெண்ணால் என்றார் மாமா. உண்மை எனக்குத் தெரியும் என்பதால் நான் யாரோடும் வாதாடவில்லை.

ஆனாலும் பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குத்தானே போகவேண்டும். ஒரு மழைநாளில் அம்மா மாமாவின் ஆட்டோவில் ஏறிப் போனாள். ஆட்டோ வளைவில் திரும்பியதும் நான் பாதைவரை ஓடினேன். கத்த வாயைத் திறந்தேன். பயறு பயந்துவிடும் என்ற நினைப்பு வந்து மூடிக்கொண்டேன். அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பி வந்த மாமா, வழக்கத்தைவிடப் பெரிய மூட்டையாகக் கட்டிக்கொடுத்தார். வாலைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரோரம் படுத்தேன். அம்மா வரும்வரை லயத்தில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

அம்மா தம்பியோடு வந்தாள். இந்த முறை கை நிறைய. அவள் பக்கத்தில் நான் படுத்திருந்த இடத்தில் அவனைக் கிடத்தினார்கள். அவன் அவளுடைய முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றைக்கும் மாமா எனக்கு ஒரு மூட்டை கட்டிக்கொடுத்தார். சோறும் கீரையும் சாப்பிட்டு அம்மாவின் முகம் தெளிந்துதானே இருக்கிறது, இனி எதற்குப் பயறு என்று நான் கேட்கவில்லை. சட்டியிலேயே முளைக்கிற பயற்றுக்கு என் வயிற்றுச் சூடு எதற்கு என்றும் கேட்கவில்லை. அதைச் சுற்ற அம்மாவின் சேலையை ஏன் கிழித்தார் என்று யோசிக்கக்கூட இல்லை. வாலைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி, அசையாமல் படுத்தேன்.

பயற்றைத் தூங்கவைப்பது நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.