அவுட் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனவர்

செய்தி வந்தபோது நான் பசறைக்கு மேலே ஒரு பேருந்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். மழையில் மண் சரிந்து பாதையை மறித்துக் கிடந்தது. பின்னால் வரிசையாக வாகனங்கள். மடுல்சீமைக்கு ஏறவும் முடியாது, வந்த வழியே இறங்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்து அணியில் ஆடும் யோகராஜ் அழைத்தான். "சேர், செல்லையாண்ணன் போயிட்டாரு." அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் கோழிக்கூடை, ஜன்னலைத் திறந்தால் மழை. அழுவதற்குக் கூட அங்கே இடமில்லை.

உங்களில் பலருக்குச் செல்லையாவைச் சத்தமாகத்தான் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மேற்பிரிவு மைதானத்தில் மென்பந்து கிரிக்கெட் என்றால், எல்லைக்கோட்டை ஒட்டிய சவுக்கு மரத்தடி அவருடையது. நான் பசறையில் ஆசிரியர், அதனால் எல்லோருக்கும் 'சேர்'; ஓய்வு நாட்களில் அங்கே நடுவர். "சேர், கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று அவர் கேட்டால் கீழே தொழிலாளர் குடியிருப்பான லயம் வரைக்கும் சிரிக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆட்டம் முடியும்வரை நடுவர் எங்கேதான் ஓடுவது?

ஆனால் அந்தத் தொண்டைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருமுறை ஹாலிஎலப் பக்கமிருந்து வந்த பந்துவீச்சாளர் ஒருவர் காலைத் தாங்கித் தாங்கி ஓடினார். அன்று ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் யோகராஜ் அவருடைய அம்மாவை இழுத்து ஏதோ கத்தினான். செல்லையா எழுந்துவிட்டார். "ஆட்டத்த திட்டு, ஆள திட்டாத. அம்மாவ இழுத்தா நீ நம்ம ஆளே இல்ல. போ, அவங்க பக்கம் போயி உக்காரு." எங்கள் மைதானத்தில் அதுதான் தண்டனை. வாயை விட்டவன் மீதி ஆட்டத்தை வெளியூர்க் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுந்து வரவும் முடியாது, தன் அணிக்குக் கைதட்டவும் முடியாது. யோகராஜின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கும் நடுவருக்கும் லயத்துப் பெண்கள் தேத்தண்ணி கொடுப்பார்கள். அதைக் குடித்தவரை அன்றைக்கு யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, கை வைக்கவும் கூடாது. யார் வைத்த வழக்கமோ தெரியாது. அதற்குக் காவல் செல்லையாதான்.

பிறகு வந்தது அந்த இறுதிப் போட்டி. கடைசிப் பந்தில் யோகராஜ் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடினான். ரன் அவுட் என்று விரலைத் தூக்கினேன். வெற்றிக்கிண்ணம் மேற்பிரிவின் கைவிட்டுப் போனது. "அவுட் இல்ல!" முதல் குரல் சவுக்கு மரத்தடியிலிருந்துதான் வந்தது. அந்தக் குரல் எல்லைக்கோட்டோடு நின்றது, கூட்டம் நிற்கவில்லை. வெளியேற இருந்த ஒரே பாதையில் ஆட்டோக்களைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். வந்த அணியும் நானும் பிள்ளைக்காம்பராவுக்குள் ஓடினோம். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் ஒற்றை அறை அது. கதவைச் சாத்தினோம். வெளியே யோகராஜ் கொண்டியை மாட்டினான். தகரக் கூரையில் கல் விழ விழ, உள்ளே தொங்கிய ஏணைகள் ஆடின. ஒருவர் ஏணைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.  இன்று வீடு போய்ச் சேரமாட்டேன் என்றே நினைத்தேன்.

கொண்டி கழன்றது. செல்லையா மட்டும் உள்ளே வந்தார்.

"இப்ப பூட்டிக்கடா. நானும் உள்ளதான் இருக்கேன். எறியிறவன் எறியட்டும்" என்று யோகராஜிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அது அவுட் இல்ல சேர்."

அந்த நேரத்திலும்! காப்பாற்ற வந்த மனிதரை நானே அடித்துவிடுவேன் போலிருந்தது. "அவுட்தான்" என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். "லெட்சுமி! ஆட்டம் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? வந்தவங்களுக்குத் தேத்தண்ணி எங்க?"

வெளியே சத்தம் குறைந்தது. சிறிது நேரத்தில் லெட்சுமி அக்கா கேத்தலோடு வந்தார், பின்னாலேயே மற்றப் பெண்கள். "தள்ளுங்கடா, சூடா இருக்கு" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கம்பி வழியாக ஒவ்வொரு கோப்பையாக நீட்டினார்கள். அவசரத்தில் பாதியைத் தரையில் கொட்டினேன். மீதியைக் குடித்தேன். அதன்பின் கூரையில் ஒரு கல்லும் விழவில்லை. யோகராஜே கொண்டியைக் கழற்றினான். ஆட்டோக்கள் ஒதுங்கின.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், பசறைச் சந்தையில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவிலும் கூட, "அது அவுட் இல்ல சேர்" என்பதுதான் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம். "அவுட்தான்" என்பது என் பதில் வணக்கம்.

கடைசி மாதங்களில் நெஞ்சுச்சளி அவரை லயத்துக் காம்பராவுக்குள் அடைத்துவிட்டது. மைதானத்துக்கு ஏற மூச்சு இல்லை. ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். "சத்தம் மட்டும் வருது சேர். யாரு அடிச்சான், யாரு அவுட்டுன்னு ஒன்னும் தெரியல. இதுக்கு என்னைய அவங்க பக்கம் உக்கார வச்சிருந்தா ஆட்டத்தையாவது பாத்திருப்பேன்" என்றார்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பாதை திறந்து மரண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் போட்ட தேத்தண்ணியை யோகராஜ் எடுத்துவந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நான் கை நீட்டினேன். அவன் கோப்பையை விடவில்லை.

"குடிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிக்கிறேன் சேர். அது அவுட் இல்ல."

செல்லையா எனக்கு விட்டுப்போனது இந்தச் சண்டைதான். இதை முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. "அவுட்தான்டா" என்றேன்.  அவன் கோப்பையை விட்டான். குடித்தேன்.